கமா தாண்டினால் யார் நிற்கிறார்? பாரலலிசம், மாடிஃபையர் கேள்விகளைப் பிடிக்கும் வழி

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் இங்கிலீஷுக்கு 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் போய்விடும். டென்ஸ், ஆர்ட்டிகிள், ஒருமை பன்மைத் தப்பையெல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பாரலலிசமும் (சேர்த்துச் சொல்பவை ஒரே வடிவத்தில் இருப்பது) மாடிஃபையரும் (இன்னொன்றை விளக்கும் துணைச்சொல்) வந்தால்தான், "மிஸ், கேட்க நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கலே அதுதான். நம் காது தமிழில் வளர்ந்த காது. இந்த இரண்டு வகைத் தப்பும் தமிழில் பெரும்பாலும் தப்பே இல்லை, அதனால் காது எச்சரிக்காது. காதை நம்பாமல் கண்ணால் தேடுவதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சில இடங்களில் அதே தமிழ்க் காதையே வேலைக்கு வைத்துக்கொள்ளவும் முடியும், அதையும் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஜவுளிக்கடையிலும் செல்போன் கடையிலும் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், டிகிரி முடித்து பேங்க் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், எப்போதாவது வெளிநாட்டுப் படிப்புக்காக எஸ்.ஏ.டி. எழுதும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான். தேர்வு வேறு வேறாக இருந்தாலும் இந்த இரண்டு பொறியும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உதாரண வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் நோட்டில் இங்கிலீஷில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே பாதித் தப்பு கண்ணில் பட்டுவிடும்.

முதலில் பாரலலிசம்

'அண்ட்', 'ஆர்', 'பட்' ஆகியவை எதையெதைச் சேர்க்கின்றனவோ அவையெல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். நுகத்தடியில் ஒரு பக்கம் மாட்டையும் மறுபக்கம் ஆட்டையும் பூட்ட முடியாது, அவ்வளவுதான் விதி. தமிழிலும் இது உண்டு. 'படிக்கவும் எழுதவும் தெரியும்' என்போம், 'படிக்கவும் எழுதுவதும் தெரியும்' என்று யாரும் சொல்வதில்லை.

தேடும் முறை இது: முதலில் 'அண்ட்' எங்கே என்று பாருங்கள். அதற்கு வலப்பக்கம் என்ன வடிவம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இடப்பக்கம் திரும்பிப் போய், அதே வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். பலர் வாக்கியத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்து குழம்புகிறார்கள். இடப்பக்கம் பத்துச் சொல் இருக்கும், எது எதோடு ஜோடி என்று தெரியாது. வலப்பக்கம் 'அண்ட்'டை ஒட்டி நிற்பது ஒன்றே ஒன்று. அதிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்காக நான் போர்டில் எழுதும் வாக்கியம்:

'தி ஓனர் ஆஸ்க்ட் அஸ் டு செக் தி பில்ஸ், (அ) / டு கவுண்ட் தி கேஷ் (ஆ) / அண்ட் தட் வி ஷுட் லாக் தி ஷட்டர். (இ) / நோ எரர் (ஈ)'

'அண்ட்'டுக்கு வலப்பக்கம் 'தட் வி ஷுட்'. இடப்பக்கம் போனால் 'டு செக்', 'டு கவுண்ட்'. 'தட்' எங்குமே இல்லை. தப்பு (இ)யில். 'அண்ட் டு லாக் தி ஷட்டர்' என்று இருக்க வேண்டும். இந்த 'டு' விஷயத்தில் இன்னொன்று: முதல் வினைக்கு மட்டும் 'டு' போட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் விட்டுவிடலாம், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் போடலாம். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் போட்டு நடுவில் விடுவதைத் தேர்வில் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பெயர்ச்சொல் பட்டியலில் ஒளித்து வைப்பது இன்னொரு வகை. 'ஹி இஸ் நோன் ஃபார் ஹிஸ் ஹானஸ்டி, கரேஜ் அண்ட் பீயிங் பங்ச்சுவல்.' முதல் இரண்டும் குணத்தின் பெயர், மூன்றாவது மட்டும் 'பீயிங்' போட்டு நீள்கிறது. 'பங்ச்சுவாலிட்டி' என்று ஒரு சொல் தயாராக இருக்கும்போது 'பீயிங் பங்ச்சுவல்' எதற்கு? பட்டியலின் கடைசியில் 'பீயிங்'கைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

ஜோடிச் சொற்கள்

பேங்க் தேர்வுகளுக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் ரொம்பப் பிடித்த இடம் இது. 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ', 'ஐதர் – ஆர்', 'நைதர் – நார்', 'போத் – அண்ட்'. இங்கே முதல் பாதிக்கு வலப்பக்கம் என்ன வருகிறதோ, இரண்டாம் பாதிக்கு வலப்பக்கமும் அதே வகை வர வேண்டும்.

'ஹி நாட் ஒன்லி லாஸ்ட் ஹிஸ் டிக்கெட் பட் ஆல்சோ ஹிஸ் பர்ஸ்.'

வகுப்பில் இதைப் படித்துக் காட்டினால் ஒருவருக்கும் தப்பு தெரிவதில்லை. 'நாட் ஒன்லி'யின் கீழே ஒரு கோடு, 'பட் ஆல்சோ'வின் கீழே ஒரு கோடு போடச் சொல்வேன். முதல் கோட்டுக்கு அடுத்த சொல் 'லாஸ்ட்', அது வினை. இரண்டாவது கோட்டுக்கு அடுத்தது 'ஹிஸ் பர்ஸ்', அது பெயர். ஜோடி சேரவில்லை. 'லாஸ்ட்'டைத் தூக்கி முன்னால் வைத்தால் முடிந்தது: 'ஹி லாஸ்ட் நாட் ஒன்லி ஹிஸ் டிக்கெட் பட் ஆல்சோ ஹிஸ் பர்ஸ்.' பொதுவாக இருக்கிற வினை ஜோடிக்கு வெளியே போய்விட வேண்டும். ஒன்றைத் தொலைத்தான், மற்றொன்றை வேறு என்னவோ செய்தான் என்றால் மட்டுமே வினைகள் உள்ளே இருக்கும்: 'ஹி நாட் ஒன்லி லாஸ்ட் ஹிஸ் டிக்கெட் பட் ஆல்சோ மிஸ்ட் ஹிஸ் ட்ரெயின்.'

ஜோடியையே மாற்றிப் போட்டும் ஏமாற்றுவார்கள். 'போத்' வந்தால் 'அண்ட்' வர வேண்டும், 'ஆஸ் வெல் ஆஸ்' வரக் கூடாது. 'பிட்வீன் டென்' என்று தொடங்கினால் 'அண்ட் ட்வெல்வ்' என்றுதான் முடிய வேண்டும், 'டு ட்வெல்வ்' அல்ல. 'ஃப்ரம்'முக்குத்தான் 'டு'. இவற்றை யோசிக்க வேண்டியதில்லை, மனப்பாடமே போதும்.

ஒப்பிடும்போது

'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை.'

'சென்னையின் மக்கள்தொகை மதுரையைவிட அதிகம்' என்று தமிழில் எழுதினால் எந்த ஆசிரியரும் சிவப்பு மை போட மாட்டார். இங்கிலீஷ் தேர்வு போடும். மக்கள்தொகையை மக்கள்தொகையோடுதான் ஒப்பிடலாம், ஊரோடு ஒப்பிடக் கூடாது. 'தேன் தட் ஆஃப் மதுரை' என்று வர வேண்டும். ஒப்பிடுவது பன்மையாக இருந்தால் 'தோஸ் ஆஃப்': 'தி ரோட்ஸ் ஆஃப் சென்னை ஆர் வைடர் தேன் தோஸ் ஆஃப் மதுரை.' ஆக, 'தேன்' என்ற சொல்லைப் பார்த்ததும் நின்று, எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வகைப் பொருள் இல்லையென்றால் விடை அங்கேதான் இருக்கிறது.

'ப்ரிஃபர்' மட்டும் தனிக் கதை. 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டேக் எ பஸ்' என்பது தப்பு. இந்த 'டு' வினைக்கு முன்னால் ஒட்டுகிற 'டு' இல்லை, 'விட' என்ற பொருளில் வருவது. அதனால் இரண்டு பக்கமும் 'இங்': 'வாக்கிங் டு டேக்கிங் எ பஸ்'.

இல்லாத தப்பைப் பிடிக்காதீர்கள்

பாரலலிசம் படித்த புதிதில் எல்லா இடத்திலும் அது தெரியும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

'ஹி ஓபன்ட் தி டோர், சுவிட்ச்ட் ஆன் தி லைட் அண்ட் சாட் டவுன், வெயிட்டிங் ஃபார் ஹிஸ் பிரதர்.'

'வெயிட்டிங்' மட்டும் ஒட்டவில்லை, 'வெயிட்டட்' என்று மாற்ற வேண்டும் என்று பாதி வகுப்பு சொல்லும். வேண்டாம், வாக்கியம் சரி. பட்டியல் 'அண்ட் சாட் டவுன்' என்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. 'அண்ட்' தாண்டி ஒரு உறுப்பு, அதோடு பட்டியல் மூடியாயிற்று. அதற்குப் பிறகு கமா போட்டு வரும் 'வெயிட்டிங்', அவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்பதைச் சொல்லும் துணைச்சொல், அதாவது மாடிஃபையர். 'நோ எரர்' என்ற ஆப்ஷன் சும்மா இடத்தை நிரப்ப வைத்தது இல்லை, இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு அதுதான் விடை.

மாடிஃபையர்: கமாவில் நின்று 'யார்?' என்று கேளுங்கள்

'வாக்கிங் அலாங் தி பிளாட்ஃபார்ம், மை ஃபோன் ஃபெல் ஆன் தி டிராக்.'

இங்கே நடந்தது யார்? இங்கிலீஷ் விதிப்படி கமாவுக்கு அடுத்து உடனே நிற்கும் பெயர்தான் நடந்தவர். இந்த வாக்கியத்தில் அந்த இடத்தில் நிற்பது ஃபோன். ஃபோன் பிளாட்ஃபாரத்தில் நடந்ததாக ஆகிவிட்டது. இதைத்தான் டாங்லிங் மாடிஃபையர் என்கிறார்கள்.

'பிளாட்ஃபாரத்தில் நடக்கும்போது போன் விழுந்துவிட்டது' என்பது நல்ல தமிழ்தான். 'நடக்கும்போது' என்று சொன்னால் நடந்தது ஒருவர், விழுந்தது வேறொன்று என்று இருக்கலாம். பிள்ளைகள் 'வாக்கிங்'கை இப்படி மனதுக்குள் மாற்றிக்கொள்வதால்தான் தப்பு தெரியாமல் போகிறது. 'இங்'கை 'செய்யும்போது' என்று மாற்றாமல் 'செய்து' அல்லது 'செய்துகொண்டு' என்று மாற்றிப் பாருங்கள். 'பிளாட்ஃபாரத்தில் நடந்துகொண்டு, என் போன் விழுந்தது.' இப்போது காது உடனே முகம் சுளிக்கும். 'செய்து' என்ற வினையெச்சம் தன்னுடைய வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிற விதி. இங்கிலீஷ்காரர்களின் விதியும் ஏறக்குறைய அதேதான். 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்பது போலக் காரணம் சொல்லும் இடங்களில் நம் தமிழ் தளர்த்திக்கொள்ளும், இங்கிலீஷ் தேர்வு தளர்த்தாது. அங்கே மட்டும் காதை நம்பாமல் இருந்தால் போதும்.

திருத்த இரண்டு வழி. நடந்தவரைக் கமாவுக்கு அடுத்து நிறுத்தலாம்: 'வாக்கிங் அலாங் தி பிளாட்ஃபார்ம், ஐ டிராப்ட் மை ஃபோன்.' அல்லது முன்பகுதிக்கே ஒரு எழுவாயைக் கொடுத்துவிடலாம்: 'ஒயில் ஐ வாஸ் வாக்கிங் அலாங் தி பிளாட்ஃபார்ம், மை ஃபோன் ஃபெல் ஆன் தி டிராக்.' கேள்வியில் எந்தப் பகுதி கோடிட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து விடை மாறும். பின்பகுதி கோடிட்டிருந்தால் முதல் வழி, முன்பகுதி கோடிட்டிருந்தால் இரண்டாவது.

இப்போது எஸ்.ஏ.டி. பாணியில் ஒன்று. அந்தத் தேர்வு இப்போது கணினியில்தான். ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதி இரண்டு மாட்யூல், ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிடம். இலக்கணக் கேள்விகளில் மாடிஃபையர் வந்தால் இப்படி இருக்கும்:

'பார்ன் இன் ஈரோடு இன் 1887, ______'
(அ) ராமானுஜன்ஸ் லெட்டர் ரீச்ட் ஹார்டி இன் 1913.
(ஆ) ஹார்டி ரிசீவ்ட் எ லெட்டர் ஃப்ரம் ராமானுஜன் இன் 1913.
(இ) இட் வாஸ் இன் 1913 தட் ராமானுஜன் ரோட் டு ஹார்டி.
(ஈ) ராமானுஜன் ரோட் டு ஹார்டி இன் 1913.

நான்கும் தனித்தனியாகப் பார்த்தால் சரியான இங்கிலீஷ். நான்கும் உண்மையும்கூட, மெட்ராஸ் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது ஊரறிந்த சங்கதி. ஆனால் கேள்வி அது இல்லை. ஈரோட்டில் பிறந்தது யார்? (ஆ)வைப் போட்டால் ஹார்டியே ஈரோட்டுக்காரர் ஆகிவிடுவார். (இ)யில் கமாவுக்கு அடுத்து 'இட்'. அப்படி எவரும் பிறக்கவில்லை. பிள்ளைகள் விழுவது (அ)வில்தான். ராமானுஜன் பெயர் முதலில் நிற்கிறதே என்று நினைக்கிறார்கள். நிற்பது ராமானுஜன் இல்லை, ராமானுஜனுடைய கடிதம். கடிதம் ஈரோட்டில் பிறக்கவில்லை. 'ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் கடிதம்' என்று தமிழில் பிழையில்லாமல் சொல்ல முடிவதால் வரும் மயக்கம் இது. 'ஈரோட்டில் பிறந்து, ராமானுஜனின் கடிதம்' என்று மாற்றிப் பாருங்கள், தெளிந்துவிடும். விடை (ஈ).

இதிலிருந்து ஒரு சுருக்குவழி. நான்கு ஆப்ஷனும் வெவ்வேறு பெயரில் தொடங்கினால் அது மாடிஃபையர் கேள்வி. ஆப்ஷன்களை முழுசாகப் படிக்கவே வேண்டாம், ஒவ்வொன்றின் முதல் பெயரை மட்டும் பாருங்கள். 'இட்', 'தேர்' என்று தொடங்குவதை உடனே அடித்துவிடலாம். உடைமைக் குறி போட்ட பெயர் வந்தால், அந்தக் குறிக்கு அடுத்து நிற்பதுதான் உண்மையான எழுவாய். பெரும்பாலும் மிஞ்சுவது ஒன்றுதான்.

நம்மூர்த் தேர்வுகளில் இதே விஷயம் 'பீயிங்' போட்டு வரும். 'பீயிங் எ ஹாலிடே, தி பேங்க் வாஸ் க்ளோஸ்ட்.' விடுமுறை நாளாக இருந்தது பேங்க் இல்லை. 'இட் பீயிங் எ ஹாலிடே, தி பேங்க் வாஸ் க்ளோஸ்ட்' என்று 'இட்'டைச் சேர்க்க வேண்டும். மழை நாள், விடுமுறை, ராத்திரி நேரம் இதெல்லாம் 'பீயிங்'கோடு வந்தால் முன்னால் 'இட்' இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதுதான் 'இட்'டை அடித்துவிடுங்கள் என்று சொன்னேன், இங்கே சேருங்கள் என்கிறேன். முரண் இல்லை. அது கமாவுக்குப் பின்னால் வருவது, இது முன்னால் வருவது.

விதிவிலக்கும் உண்டு. 'கன்சிடரிங்', 'ஜட்ஜிங் பை', 'ரிகார்டிங்' போன்றவை எழுவாய் கேட்காமலே நிற்கும். 'ஜட்ஜிங் பை தி கிளவுட்ஸ், இட் வில் ரெயின்' சரியான வாக்கியம்தான்.

இடம் மாறிய மாடிஃபையரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஒன்லி', 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' மூன்றும் எந்தச் சொல்லைக் குறிக்கின்றனவோ அதற்கு நேர் முன்னால் நிற்க வேண்டும். 'ஹி ஒன்லி பெய்ட் டென் ருப்பீஸ்' என்று பேச்சில் எல்லாரும் சொல்வார்கள், தேர்வில் 'பெய்ட் ஒன்லி டென் ருப்பீஸ்' என்பதுதான் விடை. 'ஹி சோல்ட் தி சைக்கிள் டு எ பாய் வித் எ புரோக்கன் சீட்' என்றால் உடைந்த சீட் பையனுக்கு ஒட்டிக்கொள்கிறது. அதை சைக்கிளுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால் சரி.

எதை வைத்துப் பழகுவது

பழைய புத்தகக் கடையில் ஜிமேட் (எம்.பி.ஏ. படிப்பில் சேர எழுதும் தேர்வு) புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். ஜிமேட்டே எழுதப் போகிறவர்களுக்கு அது பயன்படாது, 2024 தொடக்கத்திலிருந்து அந்தத் தேர்வில் வாக்கியத்தைத் திருத்தும் சென்டன்ஸ் கரெக்ஷன் பகுதியே இல்லை. ஆனால் பாரலலிசத்தையும் மாடிஃபையரையும் அந்தப் பகுதி அளவுக்குப் பிழிந்தெடுத்த தேர்வு வேறு இல்லை என்பது என் எண்ணம். அதில் பழகியவர்களுக்கு எஸ்.எஸ்.சி. கேள்வி சப்பென்று இருக்கும். டோஃபல் ஐ.டி.பி. என்ற இங்கிலீஷ் திறன் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஸ்ட்ரக்சர் அண்ட் ரிட்டன் எக்ஸ்பிரஷன் பகுதியில் 40 கேள்வி, 25 நிமிடம். அதில் கோடிட்ட நான்கில் ஒன்று கண்டிப்பாகத் தப்பு, 'நோ எரர்' கிடையாது. ஆகவே பழகும்போது எந்தத் தேர்வோ அந்த வடிவத்திலேயே கடைசி வாரங்களில் பழகுங்கள்.

தேர்வு அறையில் ஒரு வாக்கியத்தை இரண்டு முறைக்கு மேல் படிக்காதீர்கள். 'அண்ட்' இருக்கிறதா, ஜோடிச் சொல் இருக்கிறதா, 'தேன்' இருக்கிறதா, தொடக்கத்தில் நீளமாக ஒன்று வந்து கமா இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். நான்கும் இல்லையென்றால் இந்த இரண்டு தப்பும் அநேகமாக அங்கே இல்லை, டென்ஸ் பக்கம் போய்விடலாம். நான்கில் ஒரு ஆப்ஷனையாவது உறுதியாக அடித்துவிட்டீர்கள் என்றால், அரை மதிப்பெண்ணுக்குப் பயப்படாமல் ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள்.

போவதற்கு முன் நான்கு வாக்கியம். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. ஹேவிங் ஃபினிஷ்ட் தி ஹோம்வொர்க், தி டிவி வாஸ் டர்ன்ட் ஆன்.
2. ஷி இஸ் குட் போத் அட் சிங்கிங் அண்ட் டான்சிங்.
3. தி சாலரி ஆஃப் எ கிளார்க் இஸ் லோயர் தேன் அன் ஆஃபிசர்.
4. டிராவலிங் பை பஸ், ஐ மெட் அன் ஓல்ட் ஃப்ரெண்ட் அண்ட் லாஸ்ட் மை அம்ப்ரெல்லா.

முதலாவதில் வீட்டுப்பாடம் முடித்தது டிவி ஆகிவிட்டது. 'தி பாய் டர்ன்ட் ஆன் தி டிவி' என்று ஆளைக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதில் 'போத்'துக்கு அடுத்து 'அட் சிங்கிங்', 'அண்ட்'டுக்கு அடுத்து வெறும் 'டான்சிங்'. 'அட் போத் சிங்கிங் அண்ட் டான்சிங்' என்று 'அட்'டை வெளியே எடுங்கள். மூன்றாவதில் சம்பளத்தை ஆஃபிசரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், 'தேன் தட் ஆஃப் அன் ஆஃபிசர்' வேண்டும். நான்காவதில் தப்பு இல்லை. பஸ்ஸில் போனதும் நான், பழைய நண்பனைப் பார்த்ததும் நான், குடையைத் தொலைத்ததும் நான்தான்.